ஆற்றில் தொடங்கி கோட்டைக்கு

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில், கப்பலேற்றும்வரை அடிமைகளை அடைத்துவைத்த கடற்கரைக் கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கோட்டைக்கு முன் ஆற்றுக்குப் போங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட்டுவிட வேண்டும். இந்தியா திரும்பும்போதும் அந்த அட்டையைக் கேட்பார்கள், பத்திரம். தலைநகர் அக்ராவின் கனேஷி நிலையத்தில் ட்ரோ-ட்ரோ என்கிற வேன் ஏறினேன். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். கடற்கரை ஊரான கேப் கோஸ்ட்டில் இறங்கும்போது இருட்டிவிட்டது.

மறுநாள் காலை, வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள அசின் மான்சோ. உள்நாட்டிலிருந்து சங்கிலியோடு நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களைக் கடைசியாகக் குளிப்பாட்டிய ஆறு அங்கேதான் ஓடுகிறது. மூங்கில் நிழலில் மெல்லப் போகும் தண்ணீர். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அவர்கள் இங்கிருந்து கடலுக்கு நடந்தார்கள். நான் காரில் போனேன்.

கேப் கோஸ்ட் கோட்டையில் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். தனியே சுற்றினால் வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஆண்களின் நிலவறையில் அவர் விளக்கை அணைத்தார். உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான் வெளிச்சம். தரையில் ஓரிடத்தை மட்டும் சுரண்டிச் செங்கல்லை வெளியே எடுத்திருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் மனிதக் கழிவும் இரத்தமும் பல தலைமுறையாக இறுகிப்போன படிவு என்றார். அதுவரை மண் என்று நினைத்து அதன்மேல்தான் நின்றிருந்தேன். அந்த அறைக்கு நேர் மேலே தேவாலயம் இருந்ததாம். வழிபட்டவர்களுக்குக் கீழிருந்து எதுவுமே கேட்காமலா இருந்திருக்கும்?

அடிமைகளைக் கப்பலுக்குக் கொண்டுபோன 'திரும்பா வாசல்' கதவைத் திறந்தால் வண்ணப் படகுகள், வலை பிரிக்கும் மீனவர்கள், ஓடியாடும் பிள்ளைகள். அதே கதவின் வெளிப்புறத்தில் 'திரும்பும் வாசல்' என்று எழுதியிருக்கிறது. 1998-இல் ஜமைக்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இரண்டு அடிமைகளின் எச்சங்களை இந்த வழியாகவே உள்ளே கொண்டுவந்து, அசின் மான்சோவில் அடக்கம் செய்தார்கள். காலையில் நான் பார்த்துவிட்டு வந்த கல்லறைகள் அவை. ஆற்றுக்கு முதலில் போகச் சொல்வது இதற்காகத்தான்.

எல்மினாவை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் இரண்டும் மனதுக்குத் தாங்காது. 1482-இல் போர்த்துகீசியர் தங்க வணிகத்துக்காகக் கட்டிய கோட்டை அது. பெண்களை அடைத்த அறைகள் சூழ்ந்த முற்றம். மேலே, ஆளுநர் நின்று ஒருத்தியைத் தேர்ந்தெடுத்த மாடம். அங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று வழிகாட்டி கூப்பிட்டார். நான் ஏறவில்லை.