ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலில் எங்கே படியும்? ஒரு கணினி மாதிரி உருவான விதம்

50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள உருண்டைத் தூசி பெரும்பாலும் மூக்கிலேயே நின்றுவிடும். அதே 50 மைக்ரான் நீளமுள்ள ஆஸ்பெஸ்டாஸ் இழை, விட்டம் 1 மைக்ரானுக்கும் கீழே என்றால், நுரையீரலின் அடி ஆழம் வரை போய்விடும். காற்றோடு எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது விட்டம்தான். துகள் நுரையீரலில் எங்கே படியும் என்று கணிக்க, உருண்டைத் துகளுக்காக எழுதிய கணினி நிரலை இழைக்கு ஏற்ப மாற்றும் வேலையில் என்னை இழுத்துப் பிடித்ததும் இதுதான்.

மூச்சுப்பாதைக்கு வெய்பல் 1963-இல் தந்த மாதிரியை எடுத்துக்கொண்டேன். சுமார் 1.8 செ.மீ. விட்டமுள்ள மூச்சுக்குழலில் தொடங்கி, 23 தலைமுறை இரண்டிரண்டாகப் பிரியும் மரம் அது. நிஜ நுரையீரல் இவ்வளவு சீராக இருக்காது; தொடங்குவதற்கு அது போதும். மேலே உள்ள சில கிளைகளில் மட்டும் காற்றோட்டத்தை முப்பரிமாணத்தில் தீர்த்தேன். அதற்குக் கீழே சூத்திரங்கள்.

வேலையின் உயிர்நாடி இழை சுழல்வதில் இருக்கிறது. குழாயின் நடுவே காற்று வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் ஓடுவதால், இழை புரண்டுகொண்டே போகும். ஆனால் சீராகப் புரளாது. வெகுநேரம் ஓட்டத்தின் திசையிலேயே படுத்திருந்து, சட்டென்று ஒரு குட்டிக்கரணம் அடித்து, மறுபடி படுத்துக்கொள்ளும். நீள்வட்டத் துகளுக்கு இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஜெஃபரி, 1922-இல். அந்தக் குட்டிக்கரணம் நழுவாமல் இருக்க நேர இடைவெளியை மிகச் சிறிதாக வைக்க வேண்டும். இழை எந்தத் திசையில் நிற்கிறது என்பதை மூன்று கோணங்களால் சொல்லும் ஆய்லர் கோணங்கள் சில நிலைகளில் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லும் என்பதால், அதையே நான்கு எண்களால் சொல்லும் குவாட்டர்னியனுக்குப் போனேன். அதன் அளவு 1-ஐ விட்டு விலகாதபடி கணக்கின் ஒவ்வொரு படியிலும் சரிசெய்ய வேண்டும். நீளம் விட்டத்தைப் போல் 10 மடங்கு என்றால், ஜெஃபரியின் கணக்குப்படி, ஒரு முழுச் சுழற்சியின் நேரத்தைத் திசைவேகச் சரிவால் (குழாயின் குறுக்கே காற்றின் வேகம் மாறும் வீதத்தால்) பெருக்கினால் சுமார் 63.5 வர வேண்டும். என் நிரலும் அதையே தந்த பிறகுதான் நுரையீரல் பக்கம் போனேன்.

உருண்டை என்றால் மையத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரம் போதும். இழைக்கு இரு முனைகளையும் பார்த்தாக வேண்டும்: மையம் சுவரை விட்டுத் தள்ளியே போகும், புரளும் கணத்தில் முனை சுவரைத் தொட்டுவிடும். கிளை பிரியும் முகடுகளில்தான் படிவு குவிந்தது.

முடிவுகளை நீளவாரியாகவே பிரித்துத் தருகிறேன். சுமார் 20 மைக்ரானைத் தாண்டிய இழையை நுரையீரலின் விழுங்கு செல்களால் முழுதாக விழுங்க முடியாது. மொத்த எண்ணிக்கையில் அந்த நீள இழைகள் சொற்பம். ஆனால் நோயைக் கொண்டுவருவதில் முன்னிற்பவை அவைதான்.