ஊசி படுத்துக் கிடக்கும் ஊர்

கொடைக்கானலில் நான் படித்த பள்ளியின் ஆய்வகத்தில், மேலும் கீழும் சாயக்கூடிய காந்த ஊசி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. எப்போது பார்த்தாலும் அது ஏறத்தாழப் படுத்தே கிடக்கும். பழுதென்று எண்ணி நான் பெட்டியைத் தட்டியபோது இயற்பியல் ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புவிக்காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோமடா, இங்கே அது படுத்துத்தான் கிடக்கும்" என்றார். அந்த வாக்கியம் பிழைப்புக்கு உதவுமென்று அன்று யாருக்குத் தெரியும்!

இன்று நான் ஆழ்கடல் வண்டலின் காந்தத்தை அளக்கிறேன். கடலடியில் படியும் மிக நுண்ணிய மேக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்புத் தாது) துகள்கள் அந்தக் காலத்துக் காந்தப்புலத்தின் திசையில் திரும்பி, மேலே மண் சேரச்சேர அப்படியே இறுகிவிடுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் படிந்த இடமானால், சுமார் 7,73,000 ஆண்டுகளுக்கு முன் வட, தென் காந்த முனைகள் கடைசியாக இடம் மாறியதன் தடம் ஏழே முக்கால் மீட்டர் ஆழத்தில் கிடைக்கும். 1966இல் புவி இயற்பியலாளர் நீல் ஆப்டைக்கின் குழுவினர் அண்டார்க்டிகா கடல் வண்டலில் இந்தப் புரட்டங்களைக் காட்டினார்கள். அங்கே புலம் ஏறத்தாழச் செங்குத்தாக இருப்பதால் சரிவுக்கோணம், அதாவது ஊசி கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம், மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று பார்த்தாலே போதும். நடுக்கோட்டு வண்டலில் அந்த வசதி கிடையாது. புரண்டாலும் புரளாவிட்டாலும் ஊசி படுத்தே கிடக்கும் என்பதால், கிடைத்திசை 180 பாகை திரும்பியிருக்கிறதா என்பதை மட்டுமே நம்ப வேண்டும்.

அங்கேதான் நான் வழுக்கினேன். துளையிட்டு எடுத்த மண்ணுருளையை ஒன்றரை மீட்டர்த் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் நெடுக்காக இரண்டாகப் பிளப்பார்கள். பிளந்த முகங்கள் ஒன்றையொன்று பார்ப்பதால் இரு பாதிகளின் திசைக்கணக்கும் 180 பாகை வேறுபடும். ஒரு துண்டுக்கு எந்தப் பாதி என்பதை மாற்றிப் பதிந்துவிட்டு, நாலு மீட்டர் ஆழத்தில் புதிய புரட்டம் கண்டுபிடித்ததாக இரண்டு நாள் மிதந்தேன். மூன்றாம் நாள்தான், திசை துண்டின் இரு முனைகளிலும் கத்தியால் வெட்டியதுபோல் மாறுவது உறைத்தது. உண்மையான புரட்டம் முடிய சில ஆயிரம் ஆண்டுகள் ஆகும். அப்போது புலத்தின் வலிமையும் வெகுவாகக் குன்றும். என் வரைபடத்தில் வலிமை அசையவே இல்லை.

பதிவைத் திருத்தியதும் என் கண்டுபிடிப்பு மறைந்தது. அசல் புரட்டம் இன்னும் மூன்றரை மீட்டர் கீழே, காந்தம் மெலிந்த ஒரு சாண் மண்ணோடு இருந்தது.