குரல் வரும் வரை: டீப் ஹவுஸ், சோல்ஃபுல் ஹவுஸ் தொகுப்பு ஒன்றைக் கோத்த அனுபவம்

ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசையின் பாடல்களை ஒன்றோடொன்று இணைத்து மாதத்துக்கு ஒன்றாக நான் கோத்துவரும் தொகுப்பில் இந்த மாதப் பகுதி ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. அதில் முதல் நாற்பது நிமிடங்களுக்கு யாரும் பாடுவதில்லை. ஹவுஸில் நிதானமான, வாத்தியம் மிகுந்த வகையான டீப் ஹவுஸையும் பாட்டு மிகுந்த வகையான சோல்ஃபுல் ஹவுஸையும் சேர்த்துத் தரும் தொகுப்புகளில் வாத்திய இசையும் பாட்டும் மாறி மாறி வருவதுதான் வழக்கம். கேட்பவருக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பாடகரின் குரல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து போனால், இந்த இசையில் அந்தக் குரலுக்கு உள்ள எடை குறைந்துவிடுகிறது என்பது என் நெடுநாளைய எண்ணம். குரலைப் பிடித்துவைத்து, காது அதற்காக ஏங்கத் தொடங்கிய பிறகு விட்டால் எப்படி இருக்கும் என்பதை இம்முறை செய்து பார்த்தேன்.

இந்த எண்ணத்துக்கு விதை போட்டவர் சிகாகோவின் லாரி ஹெர்ட். மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் அவர் உருவாக்கிய ‘கேன் யூ ஃபீல் இட்’ 1986இல் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் வழியாக வெளிவந்தது. ரோலண்ட் ஜூனோ-60 சிந்தசைசரையும் டிஆர்-909 தாள இயந்திரத்தையும் கொண்டு அமைந்த அந்தப் பதிவுதான் இன்று டீப் ஹவுஸ் என்று நாம் சொல்வதன் தொடக்கப் புள்ளியாகப் பலராலும் கருதப்படுகிறது. ஹெர்ட் அதற்கு முன் இசைக்குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். தாளத்தில் கை தேர்ந்தவர் எவ்வளவு குறைவான தாளத்தோடு நிறைவடைகிறார் என்பதை அதில் கேட்கலாம்: ஒவ்வொரு தட்டிலும் கிக் எனப்படும் பெரிய டிரம்மின் அடி, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஹை-ஹேட் எனப்படும் உலோகத் தட்டின் ஒலி, அடியில் நிதானமாக நடக்கும் தாழ்ந்த பேஸ் ஒலி, மேலே கலையாமல் நீண்டு நிற்கும் கார்ட் என்ற சுரக்கூட்டு. வாத்திய இசையாகப் பிறந்த அதன் மேல் பிற்பாடு மார்ட்டின் லூதர் கிங்கின் உரையை ஏற்றி ஒரு வடிவமும், சக் ராபர்ட்ஸின் பிரசங்கத் தொனிப் பேச்சை ஏற்றி இன்னொரு வடிவமும் வந்தன. இரண்டிலும் ஏறியது பேச்சுதான், பாட்டில்லை. வாத்தியத்திலிருந்து பாட்டுக்குப் போகும் வழியில் பேச்சு ஒரு படிக்கட்டாக நிற்க முடியும் என்பதை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

பாட்டு நிறைந்த இரண்டாம் பாதிக்கு நான் நாடியது நியூ ஜெர்சி மரபை. நியூவர்க் நகரின் லிங்கன் மோட்டலில் இயங்கிய சான்சிபார் கிளப்பில் 1980களில் டோனி ஹம்ஃப்ரீஸ் டிஜேயாக இருந்தார், நியூயார்க்கின் 98.7 கிஸ் எஃப்எம் வானொலியிலும் அவருடைய கலவைகள் ஒலித்தன. ஆற்றுக்கு அப்பால் மன்ஹாட்டனின் கிங் தெருவில், 1977 முதல் 1987 வரை, லாரி லெவன் பாரடைஸ் கராஜ் கிளப்பின் டிஜேயாக இருந்தார். இரண்டு இடங்களுக்கும் ஒலியமைப்பைக் கட்டித் தந்தவர் ரிச்சர்ட் லாங் என்பதைச் சேர்த்து யோசித்தால், அந்த வட்டாரத்துப் பதிவுகளில் பேஸ் ஏன் அத்தனை திடமாகவும் குரல் ஏன் அத்தனை முன்னாலும் நிற்கின்றன என்பது புரியும்: இசையமைத்தவர்கள் தங்கள் பதிவு எந்த ஒலிபெருக்கிகளில் ஒலிக்கப் போகிறது என்பதை அறிந்தே அமைத்தார்கள். பிளேஸ் குழுவும் கெர்ரி சாண்ட்லரும் வளர்த்த ஒலியில் கறுப்பினத் தேவாலயங்களின் கோஸ்பல் என்ற பக்திப் பாட்டு மரபு நேராகவே கேட்கிறது. ஆர்கன், கோரஸ், ஒரே வரியை ஒவ்வொரு முறையும் சற்று உயர்த்திப் பாடும் முறை ஆகிய மூன்றும் ஞாயிறு ஆராதனையிலிருந்து நடனக் கூடத்துக்கு அப்படியே வந்தவை.

தேர்வில் ஒரே விதியை வைத்துக்கொண்டேன். பாடலின் முதல் ஒரு நிமிடத்தையும் கடைசி ஒரு நிமிடத்தையும் தனியாகக் கேட்பேன். அந்த இரண்டும் தாமாகவே நிற்கும் வலுவோடு இருந்தால்தான் எடுத்துக்கொள்வேன். நடுப்பகுதி எல்லாப் பாடல்களிலும் நன்றாகத்தான் இருக்கும். கலவையில் கேட்பவர் உண்மையில் அனுபவிப்பது ஒரு பாடலின் வாலும் இன்னொன்றின் தலையும் சேர்ந்து ஒலிக்கும் அந்த நேரத்தைத்தான். இந்த விதியால் எனக்கு மிகவும் பிடித்த சில பாடல்களே வெளியே நின்றன. சில நூறு பிரதிகள் மட்டும் அச்சிடும் சிறு லேபிள்களின் (இசை வெளியீட்டு நிறுவனங்களின்) வெளியீடுகளும், கலைஞர்களே பேண்ட்கேம்ப் இணையதளத்தில் நேராக விற்கும் பதிவுகளும் பட்டியலில் பாதிக்கு மேல் இடம்பிடித்தன. முதல் கால் பகுதிக்குத் தென்னாப்பிரிக்கக் கலைஞர்கள் பெரிதும் உதவினார்கள். அவசரப்படாத வேகமும் நீண்ட வாத்தியப் பகுதிகளும் அவர்களுடைய டீப் ஹவுஸில் தாராளம்.

வேகத்தைப் பொறுத்தவரை நிமிடத்துக்கு 118 தட்டுகளில் தொடங்கி 124இல் முடித்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரத்தில் ஆறு தட்டு ஏற்றம் என்பது காதில் விழாது; உடலுக்கு மட்டும் தெரியும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஃபேடரை நகர்த்தும்போது கீ-லாக் வசதியைப் பயன்படுத்துவதில்லை என்பதையும் இம்முறை உறுதியாகக் கடைப்பிடித்தேன். அந்த வசதி வேகத்தை மாற்றினாலும் சுருதியைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் நீண்டு ஒலிக்கும் கார்ட்களிலும் பாடகரின் மூச்சிலும் ஒரு நடுக்கத்தை விட்டுச் செல்லும். அது இல்லாமல் வேகத்தைக் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூட்டினால் சுருதி ஓர் அரைச்சுரம் ஏறிவிடும். ஆகவே எந்தப் பாடலையும் இரண்டு சதவீதத்துக்கு மேல் இழுக்கவில்லை. அப்போது ஏறுவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. 120இலிருந்து 122க்குப் போவது ஒன்றே முக்கால் சதவீதத்துக்கும் குறைவு என்பதால், பாடல்களை வேக வரிசையில் அடுக்கிவிட்டாலே இந்த எல்லைக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

மிகுதியான நேரத்தை வாங்கியது குரல் முதலில் நுழையும் அந்த ஓர் இணைப்புதான். வெளியேறும் பாடல் டி மைனர் என்ற ஸ்கேலில், அதாவது சுர வரிசையில், அமைந்த வாத்திய இசை. ரோட்ஸ் என்ற மின்சாரப் பியானோவில் ஒரே கார்ட் வடிவம் மேலும் கீழும் நகர்ந்துகொண்டிருக்கும். உள்ளே வரும் பாடல் ஏ மைனரில், ஆர்கனோடு தொடங்கி, பதினாறு பார் (நான்கு தட்டுகள் சேர்ந்தது ஒரு பார்) வாத்திய முகப்புக்குப் பிறகு பெண் குரலைக் கொண்டுவருவது. எந்தச் சுருதிகள் ஒன்றோடொன்று இணங்கும் என்று காட்டும் மென்பொருளின் சுருதிச் சக்கரத்தில் இந்த இரண்டும் அடுத்தடுத்த கட்டங்கள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு இணைக்கலாம் என்று அது பச்சை விளக்குக் காட்டும். ஆனால் இரண்டு ஸ்கேல்களுக்கும் இடையே ஒரு சுரம் வேறுபடுகிறது: டி மைனரில் இருப்பது பி ஃபிளாட், ஏ மைனரில் இருப்பது அதைவிட அரைச்சுரம் உயர்ந்த பி. வெளியேறும் பாடலில் பியானோ ஜி மைனருக்கு நகரும் நேரமும், உள்ளே வரும் பாடலில் ஆர்கன் ஜி மேஜருக்கு நகரும் நேரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், அந்த இரண்டு சுரங்களும் உரசி, ஹெட்ஃபோனில் பல் கூசும்.

120 வேகத்தில் ஒரு தட்டு அரை விநாடி, நான்கு தட்டுகள் கொண்ட ஒரு பார் இரண்டு விநாடி. முப்பத்திரண்டு பார் நீளத்துக்கு, அதாவது 64 விநாடிகளுக்கு, இணைப்பை விரித்துக்கொண்டேன். உள்ளே வரும் பாடலில் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியைச் சுழலவிட்டு முதல் பதினாறு பாருக்குப் பயன்படுத்தியதால், அதன் ஆர்கன் பதினேழாவது பாரில்தான் தொடங்குகிறது. முதல் எட்டுப் பாரில் அதிலிருந்து ஹை-ஹேட் மட்டுமே கேட்கும்படி பேஸையும் நடு அலைவரிசையையும் அடைத்து வைத்தேன். அடுத்த எட்டில் கைத்தட்டல் ஒலி மெல்ல முன்னுக்கு வருகிறது. வெளியேறும் பாடலில் பியானோ ஜி மைனரைத் தொடும் கடைசி இடம் பதினாறாவது பாரின் இறுதி. அதற்கு மேல் அது டி மைனர் நைன்த் கார்டிலேயே தங்கிவிடும் பகுதியைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். அந்தக் கார்டில் உள்ள டி, எஃப், ஏ, சி, ஈ ஆகிய ஐந்து சுரங்களும் ஏ மைனருக்கு உறவானவை. பி ஃபிளாட் அதில் இல்லை. இருபத்தைந்தாவது பாரின் முதல் தட்டில் ஒரு பாடலின் பேஸை இறக்கி இன்னொன்றின் பேஸை ஏற்றினேன். கடைசி எட்டுப் பாரில் பியானோ தேய்ந்துபோக, ஆர்கன் தனித்து நிற்க, அந்தப் பெண் மூச்சிழுக்கும் ஒலியே தெளிவாகக் கேட்கிறது. அந்த மூச்சொலி கேட்கும் அளவுக்கு அங்கே இடம் விடுவதுதான் இந்தப் பகுதி முழுவதிலும் எனக்கு முக்கியமாக இருந்தது. நாற்பது நிமிடம் காத்திருந்த காதுக்கு, முதல் சொல்லுக்கு முன்னால் வரும் அந்த மூச்சே பாட்டின் தொடக்கம்.

இந்த இணைப்புக்குச் சற்று முன்பு தமிழில் சில வாக்கியங்கள் பேசியிருக்கிறேன். சான்சிபாரைப் பற்றியும், பாடப்போகிறவரைப் பற்றியும், ஒரு நிமிடத்துக்கும் குறைவான பேச்சு. பேச்சு பாரின் முதல் தட்டில் தொடங்கி எட்டுப் பார்களுக்கு ஒரு முறை நின்று மூச்சுவிட வேண்டும் என்று எழுதும்போதே அளந்துகொண்டதால், அது இசையின் மேல் ஒட்டவைத்த அறிவிப்பாக இல்லாமல் அதன் ஓட்டத்திலேயே அமர்கிறது. ஒலிப்பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டேன். அந்த இடம் கிக்குக்குச் சொந்தம். பேசும்போது இசையை மூன்று டெசிபலுக்கு மேல் தணிக்கவில்லை. பேச்சுக்காக இசை பதுங்கிப் பின்வாங்கும் வானொலி விளம்பரப் பாணி இந்த இசைக்குப் பொருந்தாது.

ஒலியளவைச் சமப்படுத்துவது பொறுமையைக் கேட்கும் வேலை. 1980களின் வினைல் பதிவிலிருந்து எடுத்த கோப்புக்கும் அண்மையில் மாஸ்டர் செய்யப்பட்ட கோப்புக்கும் ஐந்தாறு டெசிபல் வேறுபாடு இருந்தது. இரண்டின் கிக் ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்டு, புதியதைக் குறைத்தேனே தவிர, பழையதை நசுக்கி உயர்த்தவில்லை. முடிவில் முழுத் தொகுப்பையும் காது உணரும் சராசரி ஒலியளவைக் குறிக்கும் எல்யூஎஃப்எஸ் அளவீட்டில் பாட்காஸ்ட்களில் வழக்கமான மைனஸ் 16க்கும், உச்சத்தை மைனஸ் 1 டெசிபலுக்கும் கொண்டுவந்தேன். கிக்கின் தாக்கம் அப்படியே இருக்கிறது.

பாடல் பட்டியலில் பாடகரின் பெயரை முதலில் எழுதி, தயாரிப்பாளர், ரீமிக்ஸ் செய்தவர், லேபிள், ஆண்டு ஆகியவற்றை அதன் பின்னால் தரும் வழக்கத்தை இந்தப் பகுதியிலிருந்து தொடங்கியிருக்கிறேன். டிஜேக்களின் பட்டியல்களில் பொதுவாகத் தயாரிப்பாளரே முதலில் வருவார். இந்த இசையின் வரலாற்றில் குரல் கொடுத்தவர்களுக்கு நேர்ந்ததை அறிந்தபின் அந்த வரிசையை என்னால் ஏற்க முடியவில்லை. லொலியாட்டா ஹாலோவே 1980இல் பாடிய ‘லவ் சென்சேஷன்’ பாடலின் குரலை எடுத்துத்தான் 1989இல் பிளாக் பாக்ஸ் குழுவின் ‘ரைடு ஆன் டைம்’ உருவானது. அதை மேடையில் வாயசைத்துப் பாடுவதுபோல் நின்றவர் வேறொரு பெண். மார்த்தா வாஷ் அதே குழுவுக்காகவும், 1990இல் சி+சி மியூசிக் ஃபேக்டரிக்காகவும் பாடியபோது, அந்த வீடியோக்களில் அவர் முகமே இல்லை. அவர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் தன் பெயரையும் உரிய பணத்தையும் மீட்டார். நாற்பது நிமிடம் ஒரு குரலுக்காகக் காத்திருக்கச் சொல்லும் தொகுப்பு, அந்தக் குரல் யாருடையது என்பதை முதல் வரியிலேயே சொல்லியாக வேண்டும். வெளியிடும் இடத்தையும் இதே அக்கறையோடு தேர்ந்தேன். மிக்ஸ்கிளவுட் போன்ற தளங்கள் உரிமைதாரர்களோடு ஒப்பந்தம் வைத்து, பட்டியலைக் கொண்டு தொகை பிரித்துத் தருகின்றன. சாதாரண பாட்காஸ்ட் சேவையில் ஏற்றினால் அந்த வழி கிடையாது. பட்டியலைத் துல்லியமாக எழுதுவதற்கு இது இன்னொரு காரணம்.

கேட்ட நண்பர்களில் சிலருக்கு முதல் பாதி நீளமாகப் பட்டிருக்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டவர்களுக்கு அந்தக் குறை இல்லை. வீட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள். நாற்பது நிமிடத்தைக் குறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அதற்குப் பதிலாக, அடுத்த பகுதியில் இருபதாவது நிமிடத்தை ஒட்டி, சொற்கள் இல்லாத குரலை, வெறும் ஆலாபமாக எழும் கோரஸ் துணுக்கை, தொலைவிலிருந்து கேட்பதுபோல் ஒரு முறை மட்டும் வைத்துப் பார்க்கப் போகிறேன். டி மைனரிலேயே அமைந்த கோரஸ் பதிவு ஒன்று கைவசம் இருக்கிறது. அதன் வேகம் 119. பேஸ் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் இடத்தில் அது எவ்வளவு மெலிதாக நின்றாலும் காதில் விழுமா என்பதை இந்த வாரம் சோதிக்க வேண்டும்.