எங்கட பிளேன்

பறத்தல் கழகத்தில் சேர்ந்த முதற் சனிக்கிழமை, ஓடுபாதையிலிருந்து கிளம்பிய செஸ்னாச் சிறுவிமானம் ஒன்று கூரைக்கு மேலாகப் போனபோது, கையிலிருந்த கோப்பியை வைத்துவிட்டு நான் பங்கரைத் தேடினேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர், எதையாவது தொலைத்துவிட்டீரா என்று கேட்டார். கிளிநொச்சியில், தென்னங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு மூடிய எல் வடிவக் குழியொன்றை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? மூக்குக்கண்ணாடித் துணி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கனடாவுக்கு வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. பனி அள்ளவும் பழகிவிட்டேன். கழகத்தால் என்ன பயன் என்று கேட்கும் நம்மவர்களுக்குச் சீட்டுக் கணக்காகவே விளக்குகிறேன். தனியாக விமானம் வாங்கினால் காப்புறுதி, கொட்டகை வாடகை, ஆண்டுப் பரிசோதனை எல்லாம் ஒருவர் தலையிலேயே விழும்; இங்கே அவற்றை எல்லோரும் பங்கிட்டுக்கொண்டு, பறந்த மணித்தியாலத்துக்கு அவரவர் கட்டுகிறோம். பொழுதுபோக்கு விமானி அனுமதிக்குக் குறைந்தது 25 மணித்தியாலமும், தனியார் விமானி உரிமத்துக்கு 45 மணித்தியாலமும் பறந்திருக்க வேண்டிய நாட்டில், இந்த மிச்சம் சிறியதன்று.

அதைவிடப் பெரிய இலாபம் அந்தப் பெரியவர்தான். பறக்குமுன் இறக்கையின் அடியிலிருந்து சிறிது எரிபொருளைக் குழலொன்றில் வடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க அவரே பழக்கினார். 100எல்எல் எனப்படும் அந்தப் பெற்றோல் இளநீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் நிறமற்று அடியில் தங்கிவிடும். முதல் நாள் அந்தக் குழலைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். பொருளாதாரத் தடைக் காலத்து வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரம் பற்றிக்கொள்வதற்கு மட்டும், அப்பா சிறிய போத்தலொன்றிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் எண்ணி எண்ணி விடுவார். அவர் பல நாள் வைத்திருந்து பாவிக்கக்கூடிய அளவை, சந்தேகம் தீர நான் இரண்டு தடவை வடித்துவிட்டேன்.

முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்கித் தேங்காய் உடைக்காமல் கண்டி வீதியில் பயணம் போயறியாதவனுக்கு, இவர்களுடைய சரிபார்ப்புப் பட்டியலில் தேங்காய் இல்லாதது ஒரு குறைதான். அதற்கு ஈடாக, அந்தக் கோயிலடி நினைவில், சட்டைப் பையில் கச்சான் வைத்துக்கொள்கிறேன்.

சென்ற கிழமை கொட்டகை வாசலில் நின்று தொலைபேசியில் அம்மாவுடன் கதைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் எஞ்சின் ஒன்று இயங்கத் தொடங்கியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"பயப்படாதேங்கோ அம்மா, அது எங்கட பிளேன்."

சிறிது நேரம் மறுபக்கத்தில் கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"பதியப் பறக்காதை மேனை," என்றார். "கீழை சின்னப் பிள்ளையள் இருக்கும்."