கவரைக் கழற்றினேன்

போன வாரம் லேப்பில் சாம்பிள் குறைவு. தேதி முடியப்போகிற பிளட் அகார் தட்டு (கிருமி வளர்க்கிற, ரத்தம் கலந்த ஜெல்லித் தட்டு) ஒன்று இருந்தது, தூக்கிப் போட மனசில்லை. பதினோரு வருடமாக ஊரார் சளிக்கும் சிறுநீருக்கும் கல்ச்சர் போட்டுக் கிருமி வளர்த்துப் பார்க்கிறவள் நான். அன்றுதான் சொந்தப் போனுக்கு முறை வந்தது.

தட்டின் அடியில் மார்க்கரால் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்தேன். சலைனில் நனைத்த ஸ்வாபால் (பஞ்சுக் குச்சி) திரையைத் தேய்த்து ஒரு பாதியில் இழுத்தேன். சிலிகான் கவரைக் கழற்றினால் உள் ஓரமெல்லாம் சாம்பல் நிறப் பிசுக்கு. சீ! அது மறுபாதிக்கு. இன்குபேட்டரில் 37 டிகிரி, ஒரு ராத்திரி.

காலையில் திரைப் பக்கம் பதினாறு காலனி, அதாவது கிருமி பெருகிய புள்ளிகள். கவர் பக்கம் எண்ணவே முடியவில்லை, சிந்திய மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டிக் கிடந்தது. கிருமிக்குச் சாயமேற்றிப் பார்க்கிற கிராம் ஸ்டெயினில் ஊதாக் கொத்துகள்: ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா. கொஞ்சம் திக்கென்றது. ரத்தப் பிளாஸ்மாவில் கலக்கிப் பார்த்தேன், திரியவில்லை. அப்பாடா, பிளாஸ்மாவைத் திரிய வைக்கிற, சீழ் பிடிக்க வைக்கும் ஆரியஸ் வகை இல்லை. என் தோலிலேயே குடியிருக்கிற சாதாரண வகைதான்.

2011இல் லண்டன் ஆய்வாளர்கள் பிரிட்டன் நகரங்களில் பார்த்தபோது ஆறில் ஒரு செல்போனில் ஈ.கோலி என்ற கிருமி இருந்தது. மலத்திலிருந்து வருவது. என் தட்டில் அது முளைக்கவில்லை. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஸ்வாப், அதனால் பீற்றிக்கொள்ள முடியாது. கழுவாத கையோடு போனைத் தொடுகிறோம், அப்புறம் கையைக் கழுவிவிட்டு அதே போனை எடுக்கிறோம்.

இப்போது தினமும் வீட்டுக்கு வந்ததும் போனை அணைத்து, 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்கிறேன். போன் மேல் நேராகத் தெளித்தால் ஸ்பீக்கர் ஓட்டையில் இறங்கிவிடும். "99% இன்னும் நல்லதுதானேக்கா?" என்றான் பக்கத்து சீட்டுப் பையன். இல்லை. அது சட்டென்று ஆவியாகிவிடும், கிருமிக்குள் இறங்கி வேலை செய்யத் தண்ணீரும் வேண்டும். கவருக்குப் பாத்திர சோப்பும் பழைய பிரஷும் போதும். ஈரத்தோடு மட்டும் மாட்டக் கூடாது.

எங்கள் அத்தை கால் கழுவாமல் யாரையும் வீட்டுக்குள் விடமாட்டார். ஆனால் மீன் ஆய்ந்துகொண்டே சுண்டுவிரலால் ஸ்பீக்கரைப் போட்டு நாத்தனாரோடு பேசுவார். அவரிடம் தட்டின் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இந்தப் போட்டோவை எந்தப் போன்ல எடுத்தே?"