பழைய டபிள்யூஎஸ்ஜிஐ மிடில்வேரை ஏஎஸ்ஜிஐக்குள் உட்கார வைத்தது

என்னிடம் ஒரு சின்ன மிடில்வேர் இருக்கிறது, அதாவது சர்வருக்கும் பைத்தான் வெப் ஆப்புக்கும் நடுவில் உட்காரும் நிரல். டபிள்யூஎஸ்ஜிஐ என்பது அந்த இரண்டும் பேசிக்கொள்ளும் பழைய முறை; இது அதற்காக எழுதியது. ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் ஓர் அடையாள எண் போடும். பதில் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று லாகில் எழுதும். சர்வரை ஏஎஸ்ஜிஐக்கு, அதாவது அசின்க் நிரல்களுக்கான புதிய முறைக்கு, மாற்றியபோது அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஒரு வரிகூடத் திருத்தாமல் ஓட வைக்க வேண்டும் என்று நடுவில் ஒரு அடாப்டர் எழுத உட்கார்ந்தேன். தயாராகக் கிடைப்பவை உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் ஆசை.

முதலில் ஆப்பை ஈவென்ட் லூப்பிலேயே (எல்லா ரெக்வெஸ்ட்டையும் ஒரே திரெட்டில் மாற்றி மாற்றிக் கவனிக்கும் சுற்று) நேரடியாக அழைத்தேன். 2 விநாடி தூங்கும் ஒரு பக்கத்தைத் திறந்ததும் மற்ற எல்லாம் சேர்ந்து நின்றன. இது எதிர்பார்த்ததுதான். அப்புறம் பதிலின் ஒவ்வொரு துண்டையும் டு_திரெட் (வேலையை வேறு திரெட்டில் ஓட்டும் அசின்க்ஐஓ ஃபங்ஷன்) வழியாக, அடுத்த துண்டைக் கேட்கும் நெக்ஸ்ட் போட்டு எடுத்தேன். ஹெடர் காலியாக வந்தது. ஆப் ஜெனரேட்டராக (கேட்கும்போது மட்டும் ஒவ்வொரு துண்டாகத் தரும் ஃபங்ஷன்) இருந்தால், முதல் துண்டைக் கேட்கும்வரை, ஹெடரைக் கொடுக்கும் ஸ்டார்ட்_ரெஸ்பான்ஸ் ஓடாது. டபிள்யூஎஸ்ஜிஐ விதிகளைச் சொல்லும் பெப் 3333 இதை அனுமதிக்கிறது. ஹெடர் அனுப்புவதை முதல் துண்டுக்குப் பிறகு தள்ளினேன், சரியானது.

ஒரு முழு மாலையைத் தின்றது அடுத்த சிக்கல். கடைசித் துண்டும் வந்துவிட்டது, ஆனால் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் ஓட்டியது பைத்தான் 3.11. ஜெனரேட்டர் முடிந்ததும், இனி துண்டு இல்லை என்று சொல்லும் ஸ்டாப்இட்டரேஷன் எக்ஸெப்ஷன் எழும். அதை ஃபியூச்சருக்குள் (பின்னால் வரப்போகும் முடிவைத் தாங்கும் பொருள்) வைக்க அசின்க்ஐஓ மறுக்கிறது. அதனால் அந்த அவெயிட் முடிவதே இல்லை. நெக்ஸ்ட்டுக்கு இரண்டாவது ஆர்க்யூமென்ட்டாக, துண்டுகள் முடிந்ததும் எக்ஸெப்ஷனுக்குப் பதில் திரும்பி வரும் ஒரு பொருளைக் கொடுத்ததும் தீர்ந்தது.

தீர்ந்தது என்று நினைத்தபோது, லாகில் சில வரிகளில் அடையாள எண் இல்லை. மிடில்வேர் அதைத் திரெடிங்.லோக்கலில் வைக்கிறது; அதில் வைத்தது அந்தத் திரெட்டுக்கு மட்டுமே தெரியும், ஆனால் ஒவ்வொரு நெக்ஸ்ட்டும் வேறு வேறு திரெட்டில் ஓடலாம். அடாப்டரையே மாற்றி எழுதினேன். ஒரு ரெக்வெஸ்ட்டுக்கு ஒரே திரெட், முழுச் சுற்றும் அதற்குள்ளேயே. துண்டுகளை ரன்_கோரொட்டீன்_திரெட்சேஃப் (வேறு திரெட்டிலிருந்து லூப்புக்கு வேலை கொடுக்கும் ஃபங்ஷன்) மூலம் லூப்புக்கு அனுப்பி, ரிசல்ட் வரும்வரை திரெட் காத்திருக்கும். இந்த அமைப்புதான் எனக்குப் பிடித்திருக்கிறது: நெக்ஸ்ட் வித்தையே தேவையில்லை, வாங்கும் பக்கம் மெதுவாக இருந்தால் ஆப்பும் தானாக மெதுவாகிறது.

நேரக் கணக்கு மட்டும் லாகில் வரவில்லை. மிடில்வேர் அதை, பதில் முடிந்ததும் சர்வர் அழைக்க வேண்டிய குளோஸ் மெத்தடில் எழுதுகிறது. நான் அதை அழைக்கவே இல்லை. ஃபைனலியில் ஒரு வரி சேர்த்தேன், வந்துவிட்டது.

பாக்கி இருப்பது திரெட் எண்ணிக்கை. 4 கோர் இயந்திரத்தில் அசின்க்ஐஓ இயல்பாகத் தருவது 8 திரெட்தான். மெதுவான டவுன்லோடு எட்டு ஓடினால் ஒன்பதாவது ரெக்வெஸ்ட் வரிசையில் நிற்கிறது. தனி எக்ஸிகியூட்டர் (திரெட்களை நிர்வகிக்கும் தொகுப்பு) கொடுத்துப் பார்க்கப் போகிறேன்.