மீசை போன கதை

பொனேர் தீவில் நான் தொலைத்தவை இரண்டு. ஒன்று, வாடகைக்கு எடுத்த கால்துடுப்பில் ஒரு காலுக்கானது. அதற்குப் பணம் கட்டியாயிற்று. இன்னொன்று, கல்லூரிக் காலத்திலிருந்து என்னோடு இருந்த மீசை.

வெனிசுவேலாவுக்கு வடக்கே, ஏறத்தாழ எண்பது கிலோமீட்டரில் இருக்கும் டச்சுத் தீவு இது. வண்டி நம்பர் பிளேட்டிலேயே 'முக்குளிப்பவர் சொர்க்கம்' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள். சும்மா இல்லை. பவளப்பாறை கரையை ஒட்டியே கிடக்கிறது, படகு தேவையில்லை. சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி, நடந்தே கடலுக்குள் போய்விடலாம். இடத்தின் பெயரும் அந்தக் கல்லிலேயே இருக்கும்.

நாங்கள் முதலில் நிறுத்திய கல்லில் 'ஆயிரம் படிகள்' என்றிருந்தது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எண்ணினால் எழுபது பக்கம்தான் வரும். முக்குளிக்கும் காற்று டாங்க்கைச் சுமந்து மேலே ஏறுகிறவர்கள் வைத்த பெயராம்.

மூச்சு விடும் குழாயான ஸ்நார்கலைக் கடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்தேன். கீழே மான்கொம்பு மாதிரி பவளம், அதற்குள் நீல மீன் ஒன்று நுழைகிறது. எவ்வளவு அழகு என்று நினைப்பதற்குள் மூக்குக்கடியில் சில்லென்றது. கண்ணையும் மூக்கையும் மூடிய மாஸ்க்குக்குள் தண்ணீர். தலையைத் தூக்கி, கொட்டி, மறுபடி கவிழ்ந்தேன். மறுபடி தண்ணீர். ஒரு மணி நேரத்தில் நான் பார்த்த மீனைவிட மூக்கு வழியாகக் குடித்த உப்புத்தண்ணீர் அதிகம். மனைவியோ ஆமை பார்த்துவிட்டு வந்து, "நீங்க பாக்கலையா?" என்கிறாள்.

டைவிங் பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார், கோளாறு மாஸ்க்கில் இல்லை, மீசையில் என்று. மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் தண்ணீர் நிற்கும். நடுவில் ஒரு முடி இருந்தாலும் அது வாய்க்கால். எனக்கு அங்கே காவிரி டெல்டாவே இருந்தது. மீசையில் வாஸ்லின் தடவிப் பார்த்தோம். கொஞ்சம் பிடித்தது, அப்புறம் அதுவும் கைவிட்டது. மூக்குக்குக் கீழே ஒரு கோடு மட்டும் மழித்தால் போதும் என்றார் அவர்.

ஒரு கோடுதானே. அன்று ராத்திரி ஓட்டல் குளியலறையில், யூஸ் அண்ட் த்ரோ ரேசரோடு நின்றேன். இடப்பக்கம் கோடு கொஞ்சம் இறங்கிவிட்டது. அதைச் சரிக்கட்ட வலப்பக்கம் இறக்கினேன். அது கூடுதலாக இறங்கிவிட்டது. குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான். கடைசியில் கண்ணாடியில் என் சித்தப்பா பையன் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் ஸ்கூபா, முதுகில் காற்று டாங்க்கோடு முக்குளிப்பது. மாஸ்க் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது, ஒரு சொட்டு இறங்கவில்லை. மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை எடுத்து எடுத்து, எட்டு மீட்டர் ஆழம் போனேன். அங்கே ஒரு சத்தம். யாரோ முறுக்கு கடிப்பது போல நறுக், நறுக். திரும்பினால் கிளி மீன்! கிளிமூக்கு மாதிரி பல்லால் பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பாறையில் படர்ந்த பாசிதான் அதற்குச் சாப்பாடு. கூடவே போகிற சுண்ணாம்பை அரைத்து வெள்ளை மணலாகக் கழித்துவிடும். என் கண்ணெதிரிலேயே ஒரு பிடி கழித்துவிட்டுப் போனது. கரையில் காலையில் 'என்ன மணல், மாவு மாதிரி!' என்று அள்ளி அள்ளி விட்டது ஞாபகம் வந்தது. டாங்க்கிலிருந்து காற்று தரும் ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

இரவு ஒன்பதுக்கு ஊருக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே காலை ஆறரை, அம்மா கையில் காபி டம்ளர். என் முகம் திரையில் வந்ததும் டம்ளரை டக்கென்று கீழே வைத்தாள்.

"யாருக்குடா என்ன ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் போனோடு எழுந்து ஓடினாள். திரையில் சுவர், மின்விசிறி, காலண்டர் எல்லாம் பறந்தன. அப்புறம் கட்டில் தெரிந்தது, போர்வையை இழுத்துப் பார்க்கும் அம்மாவின் கை தெரிந்தது.

உள்ளிருந்து அப்பாவின் குரல்: "என்னடி, விடிஞ்சிருச்சா?"